சி நிரலில் காத்து நிற்காத டிஎன்எஸ் தேடல்: எந்த வழி யாருக்கு?

பல சாக்கெட்டுகளை ஒரே இடத்தில் கவனிக்கும் லினக்ஸின் ஈபோல் வசதியை வைத்து ஒற்றை த்ரெட்டில் சர்வர் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். சாக்கெட்டுகள் அத்தனையும் நான்-பிளாக்கிங். ரீட், ரைட், கனெக்ட் எதுவும் நிற்பதில்லை. ஆனாலும் அவ்வப்போது நிரல் முழுவதும் சில நொடிகள் உறைந்துபோகிறது. டீபக்கரை மாட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் கெட்அட்ரின்ஃபோ அழைப்பில்தான் நின்றிருக்கும். பதில் வரும்வரை அது திரும்பாது. அதை நான்-பிளாக்கிங் ஆக்க ஒரு கொடியும் கிடையாது.

எவ்வளவு நேரம் நிற்கும்? லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியின் இயல்பான அமைப்பு, ஒரு நேம்சர்வருக்கு (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் சர்வர்) 5 நொடி டைம்அவுட், மொத்தம் 2 சுற்று. நேம்சர்வர்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் ஒரே ஒரு நேம்சர்வர் இருந்து அது செத்துக் கிடந்தால் 10 நொடி போய்விடும். இரண்டு இருந்து முதலாவது மட்டும் செத்திருந்தால் இன்னும் எரிச்சல்: எல்லாத் தேடலும் வெற்றிதான், ஆனால் ஒவ்வொன்றும் 5 நொடி கழித்து வருகிறது. முதல் சர்வர் பதில் சொல்லவில்லையே, அடுத்த தேடலுக்கு அதைத் தவிர்ப்போம் என்று ஜிலிப்சி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆயிரம் இணைப்புகளைத் தாங்கும் ஒற்றை த்ரெட்டுக்கு இந்த 5 நொடி என்பது முழுக் கடையடைப்பு.

இதிலிருந்து தப்பிக்க வழிகள் நிறைய இருக்கின்றன. எந்த லைப்ரரி வேகமானது என்ற ஒப்பீட்டில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் வேகம் இங்கே கடைசிக் கவலை. ஒரு தேடல் ஆகும் நேரத்தில் பெரும்பங்கு நெட்வொர்க்கில் போகிறது, லைப்ரரியில் இல்லை. தேர்வைத் தீர்மானிப்பது வேறு ஒன்று.

## முகவரி வேண்டுமா, டிஎன்எஸ் பதிவு வேண்டுமா?

கெட்அட்ரின்ஃபோவை டிஎன்எஸ் ஃபங்ஷன் என்று நினைப்பது வழக்கம். அது அப்படி இல்லை. இந்தக் கணினியில் இந்தப் பெயருக்கு என்ன முகவரி என்று இயங்குதளத்தைக் கேட்கும் ஃபங்ஷன் அது. ஜிலிப்சியில் அது முதலில் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ஹோஸ்ட்ஸ் வரியைப் படிக்கிறது. அந்த வரியில் உள்ள வரிசைப்படி ஹோஸ்ட்ஸ் கோப்பு, உள்ளூர் நெட்வொர்க்கின் எம்டிஎன்எஸ், சிஸ்டம்டி-ரிசால்வ்டு சர்வீஸ், சில அலுவலகங்களில் எல்டாப் அடைவுச் சேவை என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. டிஎன்எஸ் அவற்றில் ஒன்று மட்டுமே. கடைசியில் கிடைத்த முகவரிகளை ஆர்எஃப்சி 6724 சொல்லும் விதிப்படி அடுக்கித் தருகிறது. பிங், எஸ்எஸ்எச் எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன.

மறுபக்கம், மெயில் சர்வருக்கான எம்எக்ஸ் பதிவு, எஸ்ஆர்வி பதிவு, டெக்ஸ்ட் பதிவு எதுவும் இதில் கிடைக்காது. ஒரு முகவரி எத்தனை நொடிக்குச் செல்லுபடியாகும் என்ற டிடிஎல் மதிப்பும் கிடைக்காது.

ஆக, வழிகள் இரண்டு குடும்பமாகப் பிரிகின்றன. ஒரு குடும்பம் இயங்குதளத்தின் பதிலை வேறொரு த்ரெட்டிலோ ப்ராசஸிலோ வாங்கி வந்து கொடுக்கிறது. இன்னொன்று டிஎன்எஸ் நெறிமுறையைத் தானே பேசுகிறது. உங்கள் நிரல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

## எதை வைத்து எடை போடலாம்

கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளால் சோதிக்கிறேன்:

- பயனர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் போட்டது, விபிஎன் அமைத்தது எல்லாம் மதிக்கப்படுமா?
- ஏ (ஐபிவி4 முகவரி), குவாட்-ஏ (ஐபிவி6 முகவரி) தவிர வேறு பதிவுகளும் டிடிஎல்லும் கிடைக்குமா?
- என் ஈவென்ட் லூப்பில் எப்படிச் சேரும்? கவனிக்க ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் தருமா, டைமரை யார் பார்த்துக்கொள்வது?
- பாதியில் தேவையில்லை என்றால் ரத்து செய்ய முடியுமா? அப்போது நினைவகம் யாருடையது?
- ஒரே நேரத்தில் எத்தனை தேடல் ஓடும்?
- எந்தெந்தத் தளத்தில் கிடைக்கும், கூடவே எதையெல்லாம் இழுத்து வரும்?

நான்காவது கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. நடைமுறையில் வரும் கிராஷ்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. கிளையன்ட் இணைப்பைத் துண்டித்துவிட்டான், அவனுக்கான ஸ்ட்ரக்டை ஃப்ரீ செய்தாயிற்று, அப்புறம் 3 நொடி கழித்து டிஎன்எஸ் பதில் வந்து அதே ஸ்ட்ரக்டில் எழுதுகிறது. இதற்கு எந்த லைப்ரரியும் முழுப் பாதுகாப்பு தராது. சில வழிகளில் சமாளிப்பது எளிது, சிலவற்றில் கடினம், அவ்வளவுதான்.

## வழி 1: த்ரெட் குளத்தில் கெட்அட்ரின்ஃபோ

நாலைந்து த்ரெட்டுகளை உருவாக்கி வைத்து, ஒரு வரிசையில் பெயர்களைப் போடுவது. த்ரெட் ஒன்று எடுத்து கெட்அட்ரின்ஃபோவை அழைக்கும், பதிலை இன்னொரு வரிசையில் போட்டு, ஈவென்ட்எஃப்டி அல்லது பைப் ஒன்றில் எழுதி மெயின் லூப்பை எழுப்பும். நூற்றைம்பது வரிக்குள் எழுதிவிடலாம்.

பழைய பாணி, அழகில்லை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் கர்ல் நிரல் இயல்பாகப் பயன்படுத்துவது இப்படி த்ரெட்டில் ஓடும் ரிசால்வரைத்தான். டிஎன்எஸ்ஸைத் தானே பேசும் சி-ஏரெஸ் லைப்ரரி அங்கே விருப்பத் தேர்வு. நோட்.ஜேஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் லிப்யுவி-யும் பெயர் தேடலைத் தன் த்ரெட் குளத்தில்தான் ஓட்டுகிறது. காரணம் எளிது: ஹோஸ்ட்ஸ் கோப்பு, எம்டிஎன்எஸ், எல்டாப், முகவரி வரிசை எல்லாமே இயங்குதளம் சொல்வது போலவே இருக்கும். "பிங் செய்தால் வருகிறது, உங்கள் நிரலில் மட்டும் வரவில்லை" என்ற புகாரே வராது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம்.

முதலாவது, குளத்தின் அளவு. இருக்கும் ஒரே நேம்சர்வர் செத்தால் நான்கு த்ரெட்டும் 10 நொடி நிற்கும். பின்னால் வரும் நல்ல பெயர்களும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். லிப்யுவி-யின் குளம் இயல்பில் 4 த்ரெட் மட்டும், அதுவும் கோப்பு வேலைகளோடு பகிர்ந்துகொள்வது. பெயர் தேடல் போன்ற மெதுவான வேலைகள் பாதிக் குளத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று பிற்பாடு ஒரு வரம்பு வைத்தார்கள். ஆக இயல்பு அளவில் ஒரே நேரத்தில் இரண்டு தேடல்தான் ஓடும். நோட்.ஜேஎஸ் சர்வர்களில் டிஎன்எஸ் மெதுவானால் எல்லாமே மெதுவாவது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். சி-யில் நீங்களே எழுதினால் டிஎன்எஸ்-க்கு என்று தனிக் குளம் வையுங்கள்.

இரண்டாவது, ரத்து. ஓடிக்கொண்டிருக்கும் கெட்அட்ரின்ஃபோவை நிறுத்த நல்ல வழி கிடையாது. பித்ரெட் கேன்சல் போட்டுக் கொல்லலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். கர்ல் 2025-இல் இதை முயன்று பார்த்தது; முகவரி வரிசையை அமைக்கும் கெய்.கான்ஃப் கோப்பைப் படிக்கும் இடத்தில் த்ரெட் ரத்தானால் நினைவகம் கசிவது தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பேர் பார்க்கும் நிரலுக்கே அந்தக் கதி. சரியான வழி, வேண்டுகோளைத் தனி ஸ்ட்ரக்டில் வைத்து, மெயின் லூப்புக்கு ஒன்று, த்ரெட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரெஃபரன்ஸ் எண்ணுவது. மெயின் லூப் கைவிட்டால் தன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுப் போகும். த்ரெட் தன் நேரத்துக்கு முடித்து, கடைசி ஆளாக விளக்கை அணைத்துவிட்டுப் போகும். பெயர்ச் சரத்தையும் அந்த ஸ்ட்ரக்டுக்குள்ளேயே நகலெடுத்து வையுங்கள். அழைத்தவரின் பாயின்டரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, ஏ, குவாட்-ஏ இரண்டுக்கும் பதில் வந்த பின்தான் கெட்அட்ரின்ஃபோ திரும்பும். ஒன்று வந்ததும் இணைக்கத் தொடங்குவோம் என்கிற ஆர்எஃப்சி 8305-இன் ஹேப்பி ஐபால்ஸ் முறையை இதில் முழுதாகச் செய்ய முடியாது. இரண்டு வகைக்கும் தனித்தனி த்ரெட்டில் அழைத்து ஓரளவு ஒப்பேற்றலாம்.

நிலையாக லிங்க் செய்யும் நிரல் என்றால் இன்னொரு சிக்கல்: ஜிலிப்சியில் இந்த ஃபங்ஷன் ஓடும்போது என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் சொல்லும் என்எஸ்எஸ் மாட்யூல்களை ஏற்றுவதால், ஒற்றைக் கோப்பாகக் கட்டிய பைனரிக்கும் அதே பதிப்பு ஜிலிப்சி இலக்குக் கணினியில் வேண்டும் என்று லிங்க்கர் எச்சரிக்கும். மஸல் என்ற இன்னொரு சி லைப்ரரியின் பக்கம் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மஸலில் என்எஸ்எஸ்-ஸே இல்லை. பெரிய பதில்களுக்கு டிசிபிக்கு மாறுவதும் 2023-இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் சேர்ந்தது.

## வழி 2: கெட்அட்ரின்ஃபோ_ஏ

ஜிலிப்சியிலேயே ஒத்திசைவற்ற பதிப்பு ஒன்று உண்டு. பெயர்களின் பட்டியலைக் கொடுத்து, காத்திரு அல்லது காத்திராதே என்று சொல்லலாம். முடிந்ததை சிக்னல் மூலமோ, புது த்ரெட்டில் ஒரு ஃபங்ஷனை அழைத்தோ தெரிவிக்கும். பார்க்க இதுவே விடை போலத் தோன்றும்.

உள்ளே பார்த்தால் இதுவும் த்ரெட் குளம்தான், உச்சம் 20 த்ரெட். அந்த அளவை மாற்ற வெளியில் வழியில்லை. ஃபைல் டிஸ்கிரிப்டர் தராது, அதனால் ஈபோலில் நேராகச் சேராது. சிக்னல்எஃப்டி வைத்தோ பைப் வைத்தோ ஒட்டுப்போட வேண்டும். ரத்து செய்யும் ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் தொடங்கிவிட்ட தேடலை அது தொடாது. வரிசையில் காத்திருப்பதை மட்டும் எடுக்கும். மஸல், பிஎஸ்டி, மேக் எதிலும் இல்லை. ஜிலிப்சி 2.34-க்கு முன் தனியாக ஏஎன்எல் லைப்ரரியை லிங்க் செய்யவும் வேண்டும்.

ஐம்பது பெயர்களை ஒரே மூச்சில் தேடி முடிக்கும் சின்னக் கருவி, லினக்ஸில் மட்டும் ஓடுவது என்றால் இது போதும். சர்வருக்கு வழி 1-ஐயே எழுதிக்கொள்வது மேல். அதே குறைகளை உங்கள் கட்டுப்பாட்டிலாவது வைத்திருக்கலாம்.

## வழி 3: சி-ஏரெஸ்

டிஎன்எஸ்ஸைத் தானே பேசும் குடும்பத்தில் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். எம்ஐடியில் கிரெக் ஹட்சன் எழுதிய ஏரெஸ் லைப்ரரியிலிருந்து கிளைத்து, கர்ல் எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் கையில் வளர்ந்தது. எம்ஐடி உரிமம். நோட்.ஜேஎஸ், ஜிஆர்பிசி, வயர்ஷார்க் எல்லாம் பயன்படுத்துகின்றன.

வேலை செய்யும் விதம்: ஒரு சேனல் உருவாக்குகிறீர்கள். தேடலைக் கொடுக்கும்போது, பதில் வந்ததும் அழைக்க வேண்டிய ஃபங்ஷனை, அதாவது ஒரு கால்பேக்கையும் கொடுக்கிறீர்கள். சி-ஏரெஸ் யுடிபி சாக்கெட்டைத் திறந்து கேள்வியை அனுப்பிவிட்டு உடனே திரும்புகிறது. அதன் சாக்கெட்டுகளை உங்கள் லூப்பில் கவனித்து, ஏதாவது வந்தால் அதனிடம் சொல்ல வேண்டும். அடுத்த டைம்அவுட் எப்போது என்று அதைக் கேட்டு டைமரையும் நீங்களே வைக்க வேண்டும். ஒரே த்ரெட்டில் ஆயிரம் தேடல் ஒரே நேரத்தில் ஓடும். செத்த சர்வரால் யாரும் வரிசையில் மாட்டுவதில்லை. புதிய பதிப்புகள் தோற்ற சர்வரை நினைவில் வைத்துப் பின்னுக்குத் தள்ளவும் செய்கின்றன. ஜிலிப்சியிடம் இல்லாத குணம். டைம்அவுட்டும் புதியவற்றில் 2 நொடி, 3 முயற்சி என்று குறைத்துவிட்டார்கள். முன்பு 5 நொடி, 4 முயற்சியாக இருந்தது.

லூப்பில் சேர்க்க மூன்று வழிகள் உண்டு, அதில் எதை எடுப்பது என்பதே தனிக் குழப்பம். பழைய எடுத்துக்காட்டுகள் எல்லாம் செலக்ட் அழைப்போடு இருக்கும். டிஸ்கிரிப்டர் எண் 1024-ஐத் தாண்டினால் அது நினைவகத்தைக் கெடுக்கும் என்பதால் சர்வரில் அதை மறந்துவிடுங்கள். ஈபோல் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது சாக்கெட் நிலை கால்பேக்: எந்த டிஸ்கிரிப்டரை ரீடுக்கு, எதை ரைட்டுக்குக் கவனிக்க வேண்டும் என்று சி-ஏரெஸே அழைத்துச் சொல்லும். மூன்றாவது, 2024 ஜனவரியில் வந்த 1.26 பதிப்பிலிருந்து, தானே ஒரு த்ரெட்டில் லூப்பை ஓட்டிக்கொள்ளும் வசதி. ஒட்டுவேலை எல்லாம் மிச்சம், ஆனால் கால்பேக் வேறு த்ரெட்டில் வரும். லாக் போடும் பொறுப்பு உங்களுடையது.

பதிவு வகைகளில் குறையில்லை. எம்எக்ஸ், எஸ்ஆர்வி, டெக்ஸ்ட் எல்லாம் கிடைக்கும், புதிதாக வந்த எச்டிடிபிஎஸ் பதிவும்கூட. முகவரியோடு டிடிஎல் வரும். 1.16 பதிப்பிலிருந்து கெட்அட்ரின்ஃபோ போலவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஆர்எஃப்சி 6724 வரிசையும் போட்டுத் தரும். அதனால் பழைய கெட்ஹோஸ்ட்பைநேம் பாணி ஃபங்ஷனைத் தொட வேண்டாம்.

ரத்தும் இதில் ஒழுங்காக இருக்கிறது. சேனலில் உள்ளதையெல்லாம் ரத்து செய்தால் ஒவ்வொரு கால்பேக்கும் "ரத்து" என்ற நிலையோடு ஒருமுறை அழைக்கப்படும். சேனலை அழித்தால் "அழிப்பு" என்ற நிலையோடு. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரே ஒரு கால்பேக் நிச்சயம் என்பதால் ஃப்ரீ செய்யும் இடத்தை அங்கேயே வைத்துவிடலாம். ஆனால் ஒற்றைத் தேடலை மட்டும் ரத்து செய்ய முடியாது. ரத்து என்றால் சேனல் மொத்தத்துக்கும்தான். தனித்தனி கிளையன்ட்டுகளுக்கு, "இவன் போய்விட்டான்" என்று ஒரு கொடியை வைத்துக்கொண்டு கால்பேக்கில் பார்ப்பதுதான் வழி.

சரி, பொறிகள். பதில் ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே இருந்தாலோ, பெயர் தவறான வடிவில் இருந்தாலோ, கால்பேக் அந்த அழைப்பு திரும்புவதற்கு முன்பே உள்ளிருந்து ஓடிவிடும். "அழைத்த பிறகுதானே கால்பேக்" என்று நம்பி எழுதிய நிரல் அங்கே உடையும். கால்பேக்குக்குள் இருந்து சேனலை அழிப்பதும் கூடாது.

பெரிய குறை நான் மேலே சொன்ன குடும்பப் பிரச்சினை. என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பைப் படித்து ஹோஸ்ட்ஸ் கோப்பு முதலா டிஎன்எஸ் முதலா என்று மட்டும் தெரிந்துகொள்ளும். எல்டாப், எம்டிஎன்எஸ் மாட்யூல்களை ஏற்றாது. வீட்டு பிரின்டரின் .லோக்கல் பெயர் கிடைக்காமல் போகலாம். உபுண்டு போன்றவற்றில் ரிசால்வ்.கான்ஃப் 127.0.0.53-ஐக் காட்டுவதால் கேள்வி சிஸ்டம்டி-ரிசால்வ்டு வழியாகவே போகும். விபிஎன் பெயர்கள் பெரும்பாலும் சரியாகவே கிடைக்கும். ஆண்ட்ராய்டில் கதையே வேறு: நேம்சர்வர் பட்டியலை வாங்க ஜாவா பக்கம் போய்க் கேட்க வேண்டும், அதற்கென்று தனி இனிஷியலைஸ் ஃபங்ஷன் வைத்திருக்கிறார்கள்.

மடிக்கணினி வைஃபை மாறினால் நேம்சர்வரும் மாறும். ஜிலிப்சி 2.26 முதல் ரிசால்வ்.கான்ஃப் மாறியதைத் தானே கவனிக்கிறது. சி-ஏரெஸ் அதன் சொந்த த்ரெட்டில் ஓடினால் கவனிக்கும், உங்கள் லூப்பில் ஓடினால் மறுபடி படிக்கச் சொல்வது உங்கள் வேலை.

## வழி 4: லிப்ஈவென்ட்டின் ஈவிடிஎன்எஸ்

ஏற்கெனவே லிப்ஈவென்ட் என்ற ஈவென்ட் லூப் லைப்ரரியில் எழுதுகிறவர் என்றால் இது கையிலேயே இருக்கிறது. புது லைப்ரரி தேவையில்லை, டைமர் தலைவலி இல்லை, தனித் தேடலை ரத்து செய்யவும் முடியும். கெட்அட்ரின்ஃபோ போன்ற வடிவமும் உண்டு. டிஎன்எஸ் சர்வர் எழுதக்கூட அடிப்படை வசதி தருகிறது.

லிப்ஈவென்ட்டில் இல்லாதவர் இதற்காக அதை இழுத்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை. 2.1 வரிசையில், யுடிபியில் பதில் வெட்டுப்பட்டு வந்தால் டிசிபியில் மறுபடி கேட்பதில்லை, பிழை என்று சொல்லிவிடும். ஏ, குவாட்-ஏ, பிடிஆர் (முகவரிக்குப் பெயர் சொல்லும் பதிவு) தாண்டி வேறு பதிவு வகைகளும் இல்லை. எம்எக்ஸ் வேண்டும் என்றால் இங்கே கதவு மூடியது. பெயரைப் பிரித்துப் படிக்கும் இடத்தில் வரம்பு மீறிப் படித்த பிழை ஒன்று சிவிஇ-2016-10195 என்று பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் பதிவானது, அதனால் பழைய பதிப்பை அப்படியே நிரலோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் திணறும் ஒரு விஷயம்: ஈவிடிஎன்எஸ்ஸை இயல்பாக உருவாக்கினால், தேடல் எல்லாம் முடிந்த பின்னும் ஈவென்ட் லூப் வெளியே வராது. நேம்சர்வர் சாக்கெட்டுகளை அது கவனித்துக்கொண்டே இருக்கும். செயலற்றபோது விலகிக்கொள் என்ற கொடியை உருவாக்கும்போதே கொடுக்க வேண்டும்.

## வழி 5: லிப்அன்பவுண்ட்

நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதும் அன்பவுண்ட் ரிசால்வரின் லைப்ரரி வடிவம். டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று உறுதி செய்யும் டிஎன்எஸ்செக் கையெழுத்தை உங்கள் நிரலே சரிபார்க்க வேண்டும் என்றால் இதுதான் விடை. மற்றவை போட்டியிலேயே இல்லை. பதிலோடு பாதுகாப்பானது, போலி, போலி என்றால் ஏன் என்ற காரணம் மூன்றும் வருகின்றன. டேன் முறையில், அதாவது டிஎன்எஸ் பதிவை வைத்து, மெயில் சர்வர் சான்றிதழைச் சரிபார்க்கிறவர்களுக்கு இது பொருத்தமானது. தொலைவில் உள்ள ரிசால்வர் "நான் சரிபார்த்துவிட்டேன்" என்று ஒரு பிட்டை வைத்து அனுப்புவதை நடுவழியில் யாரும் மாற்றலாம். அதை வைத்துப் பாதுகாப்பு முடிவு எடுக்க முடியாது.

லூப்பில் சேர்ப்பது சி-ஏரெஸ்ஸைவிட எளிது. ஒரே ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் தரும். அதில் படிக்க ஏதாவது வந்தால் ப்ராசஸ் ஃபங்ஷனை அழைத்தால் போதும், டைமர் எல்லாம் உள்ளேயே நடக்கும். தனித் தேடலை எண் கொடுத்து ரத்து செய்யலாம்.

ஆனால் கவனியுங்கள், பின்னணி வேலைக்கு அது இயல்பாக ஃபோர்க் செய்யும். த்ரெட் வேண்டும் என்றால் முதல் தேடலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ரிசால்வ்.கான்ஃப், ஹோஸ்ட்ஸ் கோப்பு இரண்டையும் படி என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் அது ரூட் சர்வரிலிருந்து தானே தேடத் தொடங்கும். வெளியே போகும் 53 போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கும் அலுவலகங்களில் அது எதுவும் கிடைக்காமல் நிற்கும். கேஷ் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி, முதல் தேடல்கள் மெதுவாகவே இருக்கும். ஏ ஒன்று, குவாட்-ஏ ஒன்று என்று தனித்தனியாகக் கேட்டு, பைட்டுகளாக வரும் முகவரியை வரிசைப்படுத்துவதும் உங்கள் பாடு. ஓபன்எஸ்எஸ்எல் போன்ற கிரிப்டோ லைப்ரரி ஒன்றும் கூடவே வரும். டிஎன்எஸ்செக் சரிபார்ப்புக்கு அடித்தளமான ரூட் சாவியை நிரலுக்குள் பொதிந்து வைக்காதீர்கள்: 2018 அக்டோபர் 11 அன்று ரூட் சாவி மாறியது, அது கடைசி மாற்றமும் இல்லை.

## வழி 6: சிஸ்டம்டி-ரிசால்வ்டு, மேக், விண்டோஸ்

இயங்குதளமே ஒத்திசைவற்ற வழி தந்தால் அதையே பிடித்துக்கொள்ளலாம். லினக்ஸில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு, ப்ராசஸ்களுக்கு இடையே செய்தி கடத்தும் டிபஸ் வழியாகப் பெயர் தேடித் தரும். எஸ்டி-பஸ் லைப்ரரியின் ஒத்திசைவற்ற அழைப்பு உங்கள் லூப்பில் சேரும். எம்டிஎன்எஸ், விபிஎன் பிரிவு, கேஷ் எல்லாம் அங்கேயே நடக்கும். அந்த சர்வீஸ் ஓடாத கணினியில் ஒன்றும் இல்லை என்பதால் மாற்று வழி ஒன்றையும் எழுத வேண்டியிருக்கும். கண்டெய்னர்களில் பொதுவாக அது ஓடுவதில்லை. மேக்கில் டிஎன்எஸ்-எஸ்டி ஏபிஐ ஒரு டிஸ்கிரிப்டரைத் தருகிறது. விண்டோஸ் 8 முதல் கெட்அட்ரின்ஃபோஎக்ஸ் ஓவர்லாப்டு முறையில் ஓடும். ஒரே தளத்துக்கு எழுதுகிறவர்களுக்கு இவை மூன்றும் நல்ல தேர்வு. மைக்ரோகன்ட்ரோலரில் எல்டபிள்யூஐபி என்ற சிறிய நெட்வொர்க் லைப்ரரியை வைத்திருப்பவருக்கு அதிலேயே கால்பேக் கொண்ட தேடல் இருக்கிறது, வேறு எங்கும் போக வேண்டாம்.

## வழி 7: பாக்கெட்டை நீங்களே கட்டுவது

1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035-ஐப் படித்தால் இது எளிதாகத் தெரியும். 12 பைட் தலைப்பு, அப்புறம் நீளம்-எழுத்து நீளம்-எழுத்து என்று பெயர், வகை, வகுப்பு. யுடிபியில் அனுப்பிவிட்டு ஈபோலில் காத்திருந்தால் முடிந்தது. ஒரு மாலையில் வேலை செய்யும் நிரல் கையில் இருக்கும்.

கேள்வி அனுப்புவது எளிது. பதிலைப் படிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பெயர்களைச் சுருக்க, முதல் இரண்டு பிட்டும் 1 ஆக இருந்தால் பாக்கெட்டின் வேறொரு இடத்துக்குப் போ என்று பொருள். கெட்ட எண்ணத்தோடு அனுப்பியவர் தன்னையே சுட்டும்படி வைத்தால் உங்கள் நிரல் முடிவில்லாமல் சுழலும். பாக்கெட்டுக்கு வெளியே சுட்டினால் கிராஷ். 512 பைட்டைத் தாண்டினால் டிசிபி அல்லது பெரிய யுடிபி பதில்களை அனுமதிக்கும் ஈடிஎன்எஸ் வேண்டும். கேள்வி எண் 16 பிட் மட்டும் என்பதால் அது ஊகிக்க முடியாததாக இருந்தாலும் போதாது. 2008-இல் டான் காமின்ஸ்கி காட்டிய தாக்குதலுக்குப் பின், அனுப்பும் போர்ட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் மாற வேண்டும், பதிலில் உள்ள கேள்வியும் அனுப்பியவரின் முகவரியும் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் ஜிலிப்சியிலேயே இந்தப் பகுதியில் ஸ்டேக் வழிந்த ஓட்டை சிவிஇ-2015-7547 ஆக 2016 பிப்ரவரியில் வெளிவந்தது.

தெரிந்த ஒரே சர்வரிடம் லட்சக்கணக்கில் கேள்வி அனுப்பி அளக்கும் கருவிக்கு, அல்லது கற்றுக்கொள்வதற்கு, இதை எழுதலாம். அதிலும் பாக்கெட்டைக் கட்டவும் பிரிக்கவும் சி-ஏரெஸின் பார்சரை எடுத்துக்கொண்டு அனுப்பும் பகுதியை மட்டும் எழுதுவது புத்திசாலித்தனம்.

## ஒரே பார்வையில்

| வழி | இயங்குதளம் சொல்லும் அதே பதில் | பிற பதிவுகள் | லூப்பில் சேர்த்தல் | ரத்து | தளங்கள் |
|---|---|---|---|---|---|
| த்ரெட் குளம் | ஆம் | இல்லை | ஈவென்ட்எஃப்டி நீங்களே | கைவிடலாம், நிறுத்த முடியாது | எல்லாம் |
| கெட்அட்ரின்ஃபோ_ஏ | ஆம் | இல்லை | சிக்னல் அல்லது த்ரெட் | தொடங்காததை மட்டும் | ஜிலிப்சி |
| சி-ஏரெஸ் | ஓரளவு | ஆம், டிடிஎல்லோடு | பல டிஸ்கிரிப்டர், டைமர். அல்லது சொந்த த்ரெட் | சேனல் மொத்தம் | ஏறக்குறைய எல்லாம் |
| ஈவிடிஎன்எஸ் | ஓரளவு | பிடிஆர் மட்டும் | லிப்ஈவென்ட்டில் தானாக | தனித்தனியாக | லிப்ஈவென்ட் உள்ளவை |
| லிப்அன்பவுண்ட் | இல்லை, சொன்னால் கோப்புகளை மட்டும் படிக்கும் | ஆம், டிஎன்எஸ்செக்கோடு | ஒரே டிஸ்கிரிப்டர் | தனித்தனியாக | யூனிக்ஸ், விண்டோஸ் |
| சிஸ்டம்டி-ரிசால்வ்டு | பெரும்பாலும் | ஆம் | எஸ்டி-பஸ் வழியாக | ஆம் | சிஸ்டம்டி லினக்ஸ் |

## யாருக்கு எது

பயனர் தட்டச்சிடும் பெயருக்கு இணைக்கும் நிரல், அதாவது அரட்டை கிளையன்ட், தரவுத்தள கிளையன்ட், டெஸ்க்டாப் செயலி போன்றவை: த்ரெட் குளம். நிமிடத்துக்குச் சில தேடல்தான் வரும், சரியான பதில் முக்கியம். இதற்கு சி-ஏரெஸ் போட்டு வரும் புகார்களுக்குப் பதில் சொல்வது வீண் வேலை.

ப்ராக்ஸி, கிராலர், மெயில் அனுப்பும் சர்வர்: சி-ஏரெஸ். பெயர்கள் பொது இணையத்தில் உள்ளவை, எண்ணிக்கை அதிகம், டிடிஎல்லும் எம்எக்ஸும் வேண்டும். கூபர்னெடிஸில் ஓடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ரிசால்வ்.கான்ஃபில் என்டாட்ஸ் 5 என்று இருக்கும். ஐந்துக்குக் குறைவான புள்ளியுள்ள பெயரெல்லாம் முதலில் உள் டொமைன்களை ஒவ்வொன்றாக ஒட்டித் தேடப்படும். சி-ஏரெஸும் அந்த வரியை மதிக்கும். வெளிப் பெயர்களின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் இந்த வீண் கேள்விகள் நின்றுவிடும். லைப்ரரியை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பலருக்கு அத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

டிஎன்எஸ்செக் கட்டாயம் என்றால் லிப்அன்பவுண்ட். ஏற்கெனவே லிப்ஈவென்ட்டில் இருந்து, முகவரி மட்டும் போதும் என்றால் ஈவிடிஎன்எஸ்.

சில நிரல்களுக்கு இதில் எதுவும் தேவைப்படாது. தொடங்கும்போது நாலு பெயரைத் தேடி, அப்புறம் அதே இணைப்பிலேயே ஓடுகிற நிரல் என்றால், லூப் தொடங்கும் முன் சாதாரண கெட்அட்ரின்ஃபோவை அழைத்துவிடலாம். கணினியில் ஒரு கேஷ் ரிசால்வரை ஓட்டி, ரிசால்வ்.கான்ஃபில் டைம்அவுட்டை 1 நொடியாகக் குறைப்பதும் பல இடங்களில் போதும்.

## சோதிக்கும்போது

எதைத் தேர்ந்தாலும் நேம்சர்வர் நன்றாக இருக்கும்போது எல்லாம் நன்றாகவே ஓடும். கெட்டபோது ஓடுகிறதா என்பதுதான் சோதனை. லினக்ஸில் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்கி, ஈடிசி அடைவின் நெட்என்எஸ் அடைவில் அந்த நேம்ஸ்பேஸ் பெயரில் ஒரு ரிசால்வ்.கான்ஃப் வையுங்கள், ஐபி கட்டளை அதற்குள் நிரலை ஓட்டும்போது அந்தக் கோப்பையே காட்டும், உங்கள் கணினியின் அமைப்பு கெடாது. முதல் நேம்சர்வராக 192.0.2.1-ஐப் போடுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கு என்று ஆர்எஃப்சி 5737 ஒதுக்கிய முகவரி அது, யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டாவதாக வேலை செய்யும் ஒன்றைப் போட்டு, நூறு பெயர்களை ஒரே நேரத்தில் தேடவிட்டு, அந்த நேரத்தில் லூப்பின் டைமர் தாமதமாகிறதா என்று பாருங்கள். அப்புறம் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் முகவரி சானிடைசரோடு கட்டி, தேடல்கள் நிலுவையில் இருக்கும்போதே இணைப்புகளை மூடுங்கள், நிரலையும் நிறுத்துங்கள். மூடிய இணைப்பின் ஸ்ட்ரக்டைத் தொடும் கால்பேக் இருந்தால் சானிடைசர் வரி எண்ணோடு அங்கேயே காட்டிக்கொடுக்கும்.